நாற்பத்தோராவது சொட்டு

அந்தக் கருப்பட்டி ஓலைக் கொட்டானைக் காலடியில் வைத்துக்கொள்ள முடியுமா? தவறாக நினைக்க வேண்டாம். என் மடியில் இருக்கிற இந்த டப்பாவில் அது இடிக்கிறது. இதுவரை மூன்று தடவை இடித்துவிட்டது. நாலாவது தடவை இடித்தால் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு நாலாவது இடியை ஏன் வாங்க வேண்டும் என்று தோன்றியது. நன்றி.

எத்தனை கிலோ? இரண்டா? தராசில் நிறுத்த பிறகு கடைக்காரர் மேலே ஒரு துண்டு உடைத்துப் போட்டாரா? போடவில்லை. நீங்களும் கேட்கவில்லை. சரி, அது உங்கள் விஷயம்.

நான் பேருந்தில் பக்கத்து ஆளிடம் பேசுகிறவன் இல்லை. போன தடவை மதுரைக்குப் போனபோது மொத்தமே இரண்டு வார்த்தைதான் பேசினேன். இரண்டும் நடத்துநரிடம். இறங்கும்போது ஒன்று கூடுதலாகச் சொன்னேன். இன்றைக்குப் பேசுகிறேன் என்றால், இந்த டப்பாவுக்குள் என்ன என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, கயத்தாறு வருவதற்குள் ஏழு தடவை பார்த்துவிட்டீர்கள். எட்டாவது தடவை பார்க்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கண்ணாடி வில்லை. வில்லையின் மேல் ஒரு கல். மலையில் வெட்டின கல் இல்லை. நான் செய்தது. நான் செய்தேன் என்று சொல்வதும் சரியில்லை. அது தானாக அடுக்கிக்கொண்டது. நான் எண்ணினேன், அவ்வளவுதான்.

என் பெயர் ஆவுடைநாயகம். பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையில் அட்டெண்டராக இருந்தேன். முப்பத்தோரு வருஷம், நாலு மாதம், ஆறு நாள். எட்டாவது வரை படித்திருக்கிறேன். ஒன்பதாவதுக்குப் பதினோரு நாள் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா சைக்கிளில் தகரம் கட்டித் தெருத்தெருவாக நல்லெண்ணெய் விற்றவர். உழக்கால் அளந்து ஊற்றுவார். ஊற்றி முடித்த பிறகு உழக்கை மறுபடியும் தகரத்தில் முக்கி எடுத்து, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, மேலே விடுவார். கொசுறு. "அளவு வாங்குறவனுக்கு, கொசுறு அளக்குற கைக்கு" என்பார். அளவோடு மொட்டையாக நிறுத்துகிற கை விளங்காது. இதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சுவிடுகிற மாதிரிதான்.

அது கிடக்கட்டும். கல்லைச் சொல்கிறேன்.

சிலிக்கா என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி செய்கிற மணல். அதைத் திரவத்திலிருந்தே உருண்டை உருண்டையாகத் திரட்டலாம். ஆல்கஹால், தண்ணீர், அம்மோனியா, அப்புறம் நீளப் பெயருள்ள ஒரு திரவம். அதை நாங்கள் டியோஸ் என்போம். எல்லாவற்றையும் ஒரு பீக்கரில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால், தண்ணீராகத் தெளிந்து கிடந்தது கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெளுக்கும். அந்தப் பாலில்தான் உருண்டைகள். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் முன்னூறு உருண்டையை வரிசையாக நிறுத்தலாம். நான் நிறுத்திப் பார்த்ததில்லை. செண்பகவல்லி சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது கேளுங்கள். எல்லா உருண்டையும் ஒரே அளவாக இருந்து, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டால், அவை தாமாகவே இறங்கி, கூடையில் நெல்லிக்காய் அடுக்கின மாதிரி அடுக்கிக்கொள்ளும். அடுக்கு சரியாக அமைந்தால் நிறம் வரும். சாயம் கிடையாது. உருண்டை வெள்ளை. அடுக்குதான் நிறம். அடுக்கு கெட்டால் வெறும் சுண்ணாம்பு.

அதைத்தான் செண்பகவல்லி ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். டாக்டர் பட்டத்துக்கு. கழுகுமலைப் பக்கத்துப் பெண். அவள் அப்பா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவர். அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக நிறுத்துகிற வேலை. மகளும் வரிசையில் நிறுத்துகிற வேலைதான் பார்த்தாள். அப்பாவுக்கு ஒரு நாளில் வரிசை நின்றது. மகளுக்கு ஆறு வருஷத்தில் நிற்கவில்லை. அறுபத்து மூன்று தடவை போட்டாள். அறுபத்து மூன்றும் சுண்ணாம்பு.

அவள் என்னைத் தொடவிட மாட்டாள். பீக்கர் கழுவுவதோடு சரி. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. இது ரொம்ப நுணுக்கம். வேற கை பட்டா எனக்குப் பயமாருக்கு" என்பாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற எல்லாருக்கும் முப்பத்தோரு வருஷமாகக் கரைசல் கலந்து கொடுக்கிறவன் நான். அவள் ஒருத்திதான் தானே கலப்பாள். பீக்கரை ஐந்து தடவை கழுவச் சொல்வாள். கழுவிக் கொடுப்பேன். ஐந்துக்கு மேல் ஒன்று.

டிசம்பர் முப்பத்தொன்றோடு அவள் பதிவு முடிகிறது. அதற்குள் கல் வர வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருஷமும் போச்சு. செப்டம்பர் கடைசியில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் விடுகிறவரை வீட்டைவிட்டு வரக்கூடாது. போன் பண்ணினாள்.

"அண்ணாச்சி, அறுபத்து நாலாவத நீங்க போட்ருவீங்களா?"

"நானா தாயி?"

"வேற யாரு இருக்கா? நோட்டுல எல்லாம் எழுதியிருக்கேன். நோட்டுல உள்ளது மட்டும். சரியா? நோட்டுல உள்ளது மட்டும்."

சரி என்றேன். போட்டேன். நோட்டில் உள்ளது மட்டும்தான் போட்டேன். அம்மோனியா நாற்பது சொட்டு என்று எழுதியிருந்தாள். கண் எரியும், மூக்கு எரியும், எண்ணிக்கை தவறக் கூடாது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் நாலு எண்ணினேன். நாற்பது முடிந்ததும் டிராப்பரைத் தூக்கி, கொசுறு ஒன்று. பிறகு மூடினேன். கலக்கி, கழுவி, அந்தப் பாலில் கண்ணாடி வில்லையை நிறுத்தி, ஜன்னல் ஓரம் மூலையில் வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் துறையில் சிறப்பாகச் செய்வோம். தராசு, கலக்குகிற மெஷின், அடுப்பு, கிருபாகரன் சாருடைய சிவப்புப் பேனா, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கிருபாகரன் சார்தான் செண்பகவல்லியின் பேராசிரியர். செண்பகவல்லியின் வில்லையையும் இருந்த இடத்திலேயே, தொடாமல், நான் பூஜையில் சேர்த்துவிட்டேன். அதுவும் ஆயுதம்தானே. பூஜையில் வைத்ததை எடுக்கச் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. அடுத்த நாள் விஜயதசமி, பூஜைச் சாமானை எடுத்து வைக்கிறவர் லீவு. அப்புறம் சனி, ஞாயிறு. எண்பத்தெட்டு மணி நேரம் ஒரு கை படவில்லை. ஓர் ஆள் அந்தப் பக்கம் நடக்கவில்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்தேன். வில்லை செக்கச்செவேல் என்று இருந்தது.

குங்குமம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நானே நினைத்தேன். பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்தேன். பச்சை. நிமிர்ந்தேன். சிவப்பு. ஒன்பது தடவை சாய்த்து நிமிர்ந்தேன். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, கூச்சமாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்.

செண்பகவல்லிக்குப் போன் போட்டேன். "தாயி, செவப்பா இருக்கு" என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணாச்சி, அழுது முகத்தத் தொடச்சா அம்மத் தழும்பு விழுந்திரும்னு அம்மா சொல்றாங்க. நான் அழலாமா?"

"கொஞ்சமா அழு தாயி" என்றேன். வேறு என்ன சொல்ல?

கிருபாகரன் சார் வந்து பார்த்தார். சந்தோஷப்பட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "என் கணக்குப்படி பச்சைல்லா வரணும்? ஏன்வே செவப்பு வந்துது? உருண்ட பெருசாயிருக்கே" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நோட்டில் உள்ளதுதான் போட்டேன் என்றேன். உண்மையைச் சொன்னேன்.

இங்கேதான் வில்லங்கம். பக்கத்து ஆய்வகத்தில் ஒரு பேராசிரியர். அவருக்கும் கிருபாகரன் சாருக்கும் பதினான்கு வருஷமாக ஒரு குளிர்சாதனப் பெட்டி பற்றித் தகராறு. அவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். வெள்ளைப் பொடியில் சிவப்பு எப்படி வரும்? அதுவும் ஆயுத பூஜை முடிந்த கையோடு? குங்குமத்தைக் கலந்து பட்டம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர். பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காக வேதியியல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் வணிகவியல், அருந்தவம் சார். இன்னொருவர் விலங்கியல், ஞானசெல்வி மேடம். எழுதுவதற்கு அலுவலகக் கண்காணிப்பாளர். சாயம் என்று முடிவானால் செண்பகவல்லிக்குப் பட்டம் இல்லை. அதோடு, எங்கேயும் இனிப் படிக்க முடியாதபடி எழுதிவிடுவார்கள். அவள் அம்மைத் தழும்போடு வந்து, கிருபாகரன் சாருக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றாள். நெற்றியில் மூன்று, கன்னத்தில் இரண்டு. துடைத்திருக்கிறாள்.

வில்லையை மேசை நடுவில் வைத்தேன். அருந்தவம் சார் பார்த்தார். "நிறம் சிவப்பு. எழுதிக்கிடுங்க" என்றார்.

"பச்சை சார்" என்றார் மேடம், தன் நாற்காலியிலிருந்து.

"ஊதாவால்லா இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர், மூலையிலிருந்து.

அருந்தவம் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு பேரு மூணு நிறம் எழுதினா இது குழுவா?" என்றார். ஒருவர் பின் ஒருவராக அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் சிவப்பு. பிறகு மேடம் நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் பச்சை. கண்காணிப்பாளர், "சார், 'நிறம் நாற்காலியைப் பொறுத்தது'ன்னு எழுதலாமா?" என்று கேட்டார். "வேண்டாம். தலைவர் நாற்காலியே குழுவின் நாற்காலின்னு எழுதும்" என்றார் சார். அப்படித்தான் எழுதியிருக்கிறது. வேண்டுமானால் கோப்பைப் பாருங்கள், இரண்டாம் பக்கம்.

மேடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "சார், மயில் தோகைலயும் இப்படித்தான். அரச்சா பழுப்புப் பொடிதான் வரும். நெறம்னு தனியா ஒண்ணும் இருக்காது."

"மயில் யாரும் பட்டத்துக்குப் பதிவு பண்ணல மேடம்" என்றார் சார்.

பிறகு சோதனை. சார் ஓரத்தில் விரலை ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். குங்குமப் புளிப்பு இல்லை என்றார். அடுத்து, சாயமாக இருந்தால் ஸ்பிரிட்டில் கரையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னையே விடச் சொன்னார். டிராப்பரால் ஐந்து சொட்டு விட்டேன். ஐந்து என்றார், ஐந்து விட்டு, மேலே ஒன்று.

ஐயா, நிறம் போய்விட்டது. அப்படியே. விளக்கை அணைத்த மாதிரி. மணி பதினொன்று நாற்பது. வில்லைமேல் கல் இருந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. செண்பகவல்லி, "அது ஸ்பிரிட்டு இடுக்கெல்லாம் ரொம்புனதால சார். காஞ்சா வந்திரும்" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னது வாயைத் தாண்டி வரவில்லை. "சாயம் கரைந்தது, நிரூபணமாயிற்று" என்று எழுதினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தேநீர் வந்தது. வடை வந்தது. மூன்று பேருக்கு மூன்று வடை, தட்டில் நாலாவது ஒன்று. கேன்டீன்காரர் நல்ல மனுஷர்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மேடம் வடையோடு எழுந்து நின்றார். "சார், திரும்பி வந்திருச்சு."

"யாரு?"

"நெறம்."

அருந்தவம் சார் பார்த்தார். செக்கச்செவேல். ஸ்பிரிட்டு காய்ந்துவிட்டது. வில்லையின் கீழே வைத்திருந்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு பொட்டுச் சாயம் இல்லை. நான் காகிதத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் காட்டினேன். சார் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "நிறம் போனது பத்தி முடிவெடுக்கத்தான் இந்தக் குழு. திரும்பி வந்தது பத்தி முடிவெடுக்க இதுக்கு அதிகாரம் இல்ல. அதுக்கு வேற குழு போடணும்."

"டிசம்பர்க்குள்ள போடுவாங்களா சார்?" என்றாள் செண்பகவல்லி.

"இந்தக் குழுவப் போடவே ஆறு வாரம் ஆச்சும்மா."

ஆக, சாயம் உண்டு என்று ஆகிவிட்டது. இனி யார் போட்டது என்பதுதான் பாக்கி. என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பூஜை அன்னைக்குக் கலக்குற மெஷின்ல எத்தன குங்குமப் பொட்டு வச்சீரு?"

"மூணு சார்."

அருந்தவம் சார் போனில் ஒரு படம் காட்டினார். "இதுல நாலு இருக்கே?"

"மூணுதான் சார். நாலாவது கொசுறு."

"என்னது?"

"கொசுறு சார். எண்ணிக்கையில வராது."

அருந்தவம் சார் முன்னால் சாய்ந்தார். "இந்தக் கொசுறு பொட்டோட சரியா, இல்ல, வேற எதுலயும் போடுவீரா?"

"எல்லாத்துலயும் சார்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். "அம்மோனியா நாப்பதுன்னா, நாப்பதுக்கு மேல ஒண்ணு. அமிலம் பத்துன்னா மேல ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சார். பாரபட்சம் கிடையாது."

"எப்பருந்து?"

"சேந்த நாள்லருந்து."

அப்போது கிருபாகரன் சாருடைய சிவப்புப் பேனா கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவர் ஏதோ எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, எண்ணுகிற முகம் எனக்குத் தெரியும். பதினேழில் நிறுத்தினார். அவரிடம் அதுவரை பதினேழு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள். பதினேழு பேருக்கும் நான்தான் கரைசல் கலந்து கொடுத்தேன். அதைத்தான் எண்ணியிருப்பார். நன்றியோடு.

"மதிய உணவு இடைவேளை" என்றார் கிருபாகரன் சார் சத்தமாக. மணி பன்னிரண்டு பத்துதான்.

மறுநாள் நான் பீக்கர் கழுவுகிற தொட்டிக்கே கிருபாகரன் சார் வந்துவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அங்கே வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை குழாய் உடைந்தபோது.

"ஆவுடை, ஒரு உதவி. குங்குமம் தவறுதலா வில்லைல விழுந்திட்டுன்னு எழுதிக் குடுத்திரும். அந்தப் புள்ள தப்பிச்சிரும். உமக்கு ஆறு மாசந்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"குங்குமம் விழல சார். ஒரு சொட்டு அம்மோனியாதான் கூடுதல். அத எழுதித் தாரேன்."

"அய்யோ, அத எழுதிராதயும்வே!" என்றார். "சாயம்னா ஒரு கல்லுதான் போகும். சொட்டுன்னு எழுதுனா பதினேழு பேரு போவாங்க. அதுல மூணு பேரு இப்ப துறைத் தலைவரு. ஒருத்தரு…" சொல்லாமல் நிறுத்தினார். "நம்ம துறை கட்டடமே போகும்வே."

ஒரு சொட்டு கட்டடத்தை என்ன செய்யும்? எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் ஓய்வு பெறப்போகிறேன் என்கிற வருத்தமாக இருக்கலாம். நல்ல மனுஷர். செண்பகவல்லியும் கதவு மறைவில் நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி, நீங்க பொய் எழுதாதீங்க. நான் கழுகுமலைக்கே போயிருதேன். கட்ட அடுக்கத் தெரியும் எனக்கு" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். படித்தேன். 'பூஜையின்போது என் கவனக்குறைவால் சிறிதளவு சாயம் வில்லையில் சேர்ந்துவிட்டது.'

"சார், இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"ஏன்வே?"

"சிறிதளவுன்னா எவ்வளவு?"

கண்காணிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஓய், அது ஒரு வழக்கம்."

"எனக்கு அந்த வழக்கம் கிடையாது சார். எவ்வளவுன்னு எழுதணும். எண்ணிக்க இல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."

"நீரே ஒரு எண்ணச் சொல்லும், போடுதேன்."

"பூஜ்யம் கிராம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கிருபாகரன் சாரைப் பார்த்தார். கிருபாகரன் சார் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான். போய்த் தட்டச்சு செய்து வந்தார்: 'என் கவனக்குறைவால் 0.00 கிராம் சாயம் வில்லையில் சேர்ந்துவிட்டது.' புள்ளிக்குப் பிறகு இரண்டு பூஜ்யம். மூன்றாவதாக ஒன்று போடச் சொன்னேன். போட்டார். கையெழுத்திட்டேன். குழு ஏற்றுக்கொண்டது. அளவு துல்லியமாகக் குறிப்பிடப்பட்டுள்ளதால் நம்பத்தக்கது என்று அருந்தவம் சார் தன் கைப்பட எழுதியிருக்கிறார். நாலாம் பக்கம்.

செண்பகவல்லிக்குப் பட்டம் கிடைத்தது. எப்படி என்று கேளுங்கள். வந்த ஒரு கல்லைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். வராத அறுபத்து மூன்று கல்லை வைத்து, நிறம் ஏன் வராது என்று முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். தேர்வாளர்கள் ரொம்பப் பாராட்டினார்கள். இவ்வளவு முழுமையாக யாருக்கும் வராமல் இருந்ததில்லையாம்.

என்னை மிச்ச நாளுக்குச் சைக்கிள் நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். டோக்கன் கொடுக்கிற வேலை. நல்ல வேலைதான். நூற்றுப் பதினெட்டு சைக்கிள் நின்றால் நூற்றுப் பத்தொன்பது டோக்கன் கொடுத்திருப்பேன். ஒருநாள் இல்லாத சைக்கிளைக் கேட்டு ஓர் ஆள் வந்து நின்றுவிட்டார், அது வேறு கதை. ஓய்வு பெற்ற அன்று, அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றைக் கொடுத்தார்கள். 'சான்றுப் பொருள். உரியவரிடம் ஒப்படைக்கவும்.' சாயம் போட்டவர் நான் என்பதால் உரியவர் நான்தானாம். அதுதான் இந்த டப்பாவில் இருக்கிறது.

வேகத்தடை. கொஞ்சம் டப்பாவின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது இருபத்திரண்டாவது.

இப்போது எங்கே போகிறேன் என்றால், அவளிடம்தான். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். சின்னதாக ஒரு ஆய்வக அறை கொடுத்திருக்கிறார்கள். அங்கே அவளுக்கு 'வராத கல் டாக்டர்' என்று பெயர். முன்னால் வைத்தே சொல்கிறார்களாம். அடுத்த மாதம் நாலாம் தேதி வெளியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். அதற்குள் கல் வந்தால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் அது ஆசிரியர்கள் கேரம் ஆடுகிற அறையாகிவிடும். அவளையும் அனுப்பிவிடுவார்கள்.

எட்டு நாள் முன்னால் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, இருபத்தாறு தடவ போட்டுட்டேன். நாப்பத்தொண்ணு சொட்டும் விட்டுப் பாத்துட்டேன். சுண்ணாம்புதான். நீங்க அம்மோனியாவுல மட்டுமா கொசுறு போட்டீங்க?"

"இல்ல தாயி. எல்லாத்துலயும்தான்."

கொஞ்ச நேரம் சிரித்தாள். அழுதாளோ என்னவோ, போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. பிறகு சொன்னாள்: "அந்தக் கல்ல எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. நோட்டுல இல்லாம நீங்க கூடுதலாச் செஞ்சது ஒவ்வொண்ணையும் எழுதிக் கொண்டாங்க. அத வச்சுத்தான் நான் போடப்போறேன். ஒண்ணு விடக் கூடாது. ஒண்ணு கூடவும் கூடாது. நல்லா யோசிங்க அண்ணாச்சி. என் வேலையே இதுலதான் இருக்கு."

மூன்று நாள் யோசித்தேன். பீக்கர் கழுவினது முதல் வில்லையை நிறுத்தினது வரை, கையை வெறுமனே அசைத்து அசைத்துப் பார்த்து எழுதினேன். இதோ, சட்டைப் பையில். அம்மோனியா ஒரு சொட்டு. டியோஸ் ஒரு சொட்டு. தண்ணீர் ஒன்று. பீக்கரை ஆறாவது தடவை கழுவினது. கலக்குகிற மெஷினை நிறுத்தின பிறகு மறுபடி ஒரு தடவை ஓடவிட்டு அணைத்தது. உருண்டைகளைக் கழுவினது ஒரு தடவை கூடுதல். இப்படி ஒன்பது. நன்றாகத் தேடிவிட்டேன். ஒன்பதுதான். சத்தியமாக.

ஒன்பதாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனேன். கை மூடவில்லை. மொட்டையாக ஒன்பதோடு நிறுத்தி அவளிடம் எப்படிக் கொடுப்பது? அவள் விளங்க வேண்டாமா? அதனால் பத்தாவதாக ஒன்று எழுதினேன். 'பீக்கரை மேசையில் வைக்கும் முன் ஒரு தடவை வலப்பக்கமாகத் திருப்பவும்.'

இல்லை, நான் திருப்பவில்லை. அது சும்மா. கொசுறு.

ஏன் சிரிக்கிறீர்கள்? அடித்துவிடச் சொல்கிறீர்களா? அவள் ஒன்று கூடக் கூடாது என்றாளே என்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். சாத்தூர் வரை அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அடித்தால் மொட்டை. அடிக்காவிட்டால் பொய். நான் பொய் எழுதினதில்லை. அப்புறம் ஒரு வழி தெரிந்தது. அங்கே போய் முதல் காரியமாக, ஒரு பீக்கரை எடுத்து வலப்பக்கமாக ஒரு தடவை திருப்பி வைத்துவிடப் போகிறேன். தீர்ந்தது. நான் செய்ததாகிவிடும். பிறகு பட்டியலில் பொய் என்று ஒன்றுகூட இருக்காது. பத்தும் உண்மை. பத்துக்குப் பத்து.

பத்து.

பத்தோடு நின்றுவிடுகிறதே.

ஐயா, உங்களிடம் பேனா இருக்கிறதா?